கூண்டு என்னுது, நரி உங்களுது

தன்னைக் கடித்த நாயின் பக்கமே வாதாடிய ஒரே வக்கீல் இந்தப் பூமியில் எங்கள் செக்‌ஷன் சார்தான். காக்ஸ் டவுனில் யாரோ ஒருவருடைய வீட்டுக் கேட்டைத் திறந்து சார் உள்ளே போயிருக்கிறார். பாமரேனியன் ஒன்று கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. வீட்டுக்காரர் தடியோடு ஓடிவந்தால் இவர் ரத்தம் சொட்டச் சொட்ட, "அத அடிக்காதீங்க ப்ரதர். குரல் குடுக்காம உள்ள வந்தது என் தப்பு. அது அதோட டியூட்டிய பாத்துச்சு" என்றாராம். ஊசி போட்டுக்கொண்டு திரும்பிப் போய், கேட்டருகே நின்று முறைப்படி குரல் கொடுத்து, அனுமதி பெற்று உள்ளே நுழைந்தார். நாய் மறுபடியும் கடித்தது. "இப்ப தப்பு அது மேல" என்று மட்டும் சொன்னாராம்.

பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. தும்மினால்கூட அது எந்தச் செக்‌ஷனில் வரும் என்று சொல்லக்கூடியவர், அதனால் செக்‌ஷன் சார். பால் வாங்கப் போகும்போதும் கறுப்புக் கோட்டுதான். பக்கத்து வீட்டு மரத்துத் தேங்காய் அவர் காம்பவுண்டில் விழுந்தால் தானும் தொடமாட்டார், அவர்களையும் லேசில் எடுக்க விடமாட்டார். தேங்காய் யாருக்குச் சொந்தம், அதை எடுக்க உள்ளே வரும் உரிமை யாருக்கு என்று விளக்கி முடிப்பதற்குள் அது முளைவிட்டுவிடும். "சார், சட்னிக்கு அரைக்கணும் சார்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சியதை நானே பார்த்திருக்கிறேன்.

சார் இருந்தது காக்ஸ் டவுனில், எங்கள் வீடு பக்கத்து ஜீவனஹள்ளியில், ரயில் பாதையை ஒட்டி. வீட்டுக்குப் பின்னால் புதர் மண்டிய காலி இடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சமயம் அம்மாவின் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தெருநாயின் வேலை என்று நினைத்த அப்பா, செக்‌ஷன் சார் வீட்டில் சும்மா கிடந்த பழைய நாய்க்கூண்டைக் கேட்டு வாங்கினார். நாயைப் பிடித்தால் அடிக்கலாமா, கட்டிவைக்கலாமா என்றெல்லாம் சார் விளக்கிய சட்டத்தை, கூண்டைத் தலையில் சுமந்தபடியே நின்று கேட்டுவிட்டு வந்தார் பாவம். கதவு தானாக விழும்படி கயிறு கட்டி, உள்ளே கோழிக்குடலை வைத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தடால் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் உள்ளே நாய் இல்லை. நரி!

வேறு யாராவது என்றால் அலறியடித்துக்கொண்டு திறந்துவிட்டிருப்பார்கள். என் அப்பா கைகொட்டிச் சிரித்தார். மறுநாள் காலை எனக்கு பேங்க் வேலைக்கு இன்டர்வியூ. "பாப்பா, உனக்கு யோகம்டி! அவனவன் நரி முகத்துல முழிக்கணும்னு தவம் கெடக்கிறான். நமக்கு வீடு தேடி வந்து உக்காந்திருக்கு பாரு. காலையில நீ முழிச்சதும் விட்டுரலாம்" என்றார். அம்மா கூண்டின் மேல் பழைய புடவை ஒன்றைப் போர்த்தி, குடிக்கத் தண்ணீரும் வைத்தாள்.

விஷயத்தை அம்மா ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். அவள் லாண்டரிக்கார முருகேசனின் மனைவி. அப்புறம் என்ன, பொழுது விடிந்தால் எங்கள் கொல்லையில் பாதி ஜீவனஹள்ளி நிற்கிறது, அத்தனை பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு! பரீட்சை எழுதுகிறவர்கள், வரன் தேடுகிறவர்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்லி நெருக்கப்பட்ட ஒருவர் எல்லாம் முன்னால் நிற்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையில்.

"யோவ், கால மிதிக்கிற!"

"கண்ண மூடிக்கினு இருக்கேன்ல, எப்டியா தெரியும்?"

முருகேசன் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு, கையில் கட்டையோடு வந்திருந்தான். "மூஞ்சப் பாத்து இன்னா ஆவப்போவுது? ஒரே போடு போட்டு கொம்ப எடுத்துக்கலாம்யா. நரிக்கொம்பு பொட்டியில இருந்தா சொத்து சேரும்" என்றான். நரிக்குக் கொம்பு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா கண்மூடிய என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போனாள். "இப்பத் தொறடி." திறந்தேன். எதிரே ஒரு கறுப்புக் கோட்டு. கூண்டு வேலை செய்ததா என்று பார்க்க வந்த செக்‌ஷன் சார், அதை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஐயோ, போச்சே! எல்லாம் போச்சே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சார் அதைக் காதில் வாங்கவில்லை. "ப்ரதர், நாய்க்குன்னுதானே கூண்டு வாங்கினீங்க? இது காட்டு மிருகம். கூண்டு வெச்சுப் புடிச்சாலே சட்டத்துல அது வேட்டை. தீனி வெச்சுக் கூப்பிட்டாலும் வேட்டை. நம்ம காம்பவுண்டுக்குள்ள வந்துட்டதால நம்முதாயிடாது" என்றார். முருகேசன் பக்கம் திரும்பி, "நீ அடிச்சா ஜெயிலு. அதுலேர்ந்து எதையாவது எடுத்துப் பொட்டியில வெச்சாலும் ஜெயிலு" என்றார். முருகேசன் கட்டையை மெதுவாகக் கீழே போட்டு, காலால் பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுபோயிற்று. அப்பா மாநில அரசு ஆபீசில் குமாஸ்தா. ரிட்டையர் ஆக ஆறே மாதம். இந்த நேரத்தில் கேஸ் என்றால் சஸ்பென்ஷன்தான், பென்ஷன் வருமா என்பதே சந்தேகம். வீட்டில் அந்த ஒரு சம்பளத்தை நம்பித்தான் மூன்று வயிறும்.

"இப்பவே தொறந்து விட்டுர்றேன் சார்" என்றார் அப்பா. கூண்டுக் கயிற்றைப் பிடித்தார்.

"இத்தன பேர் நடுவுலயா? யாரையாவது கடிச்சு வெச்சா அதுவும் உங்க தலையிலதான். ஊரே பாத்தாச்சு, மறைக்கவும் முடியாது. இந்த மாதிரி மிருகம் கைக்கு வந்தா ரெண்டு நாளுக்குள்ள வனத்துறைக்குச் சொல்லணும்னு முப்பத்தொன்பதாவது செக்‌ஷன்ல இருக்கு. நாமளே சொன்னா தகவல் குடுத்தவங்க. அவங்களா வந்து பாத்தா குத்தவாளி."

சாரே முனையிலிருந்த பூத்துக்குப் போய் வனத்துறைக்குப் போன் செய்தார். ஜீப் வரும்வரை கூண்டுக்கு முன்னால் காவல் நின்று, "இது இன்னொருத்தர் வீடு, எல்லாரும் வெளிய போங்க" என்று கண்மூடி நின்ற கூட்டத்தை விரட்டினார். வழி தெரியாமல் இரண்டு பேர் துவைக்கிற கல்லில் இடித்துக்கொண்டார்கள். ஒருவர்கூடக் கண்ணைத் திறக்கவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி, "ஏன்ரீ இது? என்ன இதெல்லாம்? யாரு புடிச்சது?" என்றார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் செக்‌ஷன் சார் முன்னால் போனார். தன்னைக் கடித்த நாய் விஷயத்திலேயே நியாயம் பார்த்தவர் எங்களுக்காகப் பொய் சொல்லவா போகிறார்?

பொய் சொல்லவில்லைதான். "கூண்டு என்னுது சார். குடல் இவங்களுது. நரி உங்களுது. இவரு நாய்க்குன்னுதான் வெச்சாரு. நரியைப் பாத்ததும் விட்டிருக்கணும், பொண்ணுக்கு இன்டர்வியூன்னு ஆசைல காலை வரைக்கும் வெச்சிட்டாரு. இவருக்கு சட்டம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்ச நான் கூண்டக் குடுக்கலன்னா இது எதுவுமே நடந்திருக்காது. கேஸ் எழுதறதா இருந்தா முதல்ல என் பேர எழுதுங்க."

அதிகாரி அவரைப் பார்த்தார். புடவைக்கடியிலிருந்து எட்டிப் பார்த்த நரியையும் பார்த்தார். "அடிக்கல, நீங்களே கூப்ட்டுச் சொல்லியிருக்கீங்க. ஹோகலி பிடி, போகட்டும் விடுங்க வக்கீல் சார். இன்னொரு வாட்டி கூண்டு கீண்டு வெச்சா நான் சும்மா விடமாட்டேன். அம்மா, கோழிய பொழுது சாஞ்சா உள்ள அடைங்க" என்றார். கூண்டோடு நரி ஜீப்பில் ஏறியது. அம்மாவின் புடவையும் கூடவே போயிற்று.

இன்டர்வியூவுக்கு நேரமாகிவிட்டது. பஸ்ஸை நம்ப முடியாது என்று செக்‌ஷன் சார் தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டார். வழியில் கேட்டேன். "உங்க பேர எழுதிட்டிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

"எழுதட்டுமே. உங்கப்பா முப்பது வருஷம் ஒரு கெட்ட பேர் இல்லாம வேலை பாத்த மனுஷன். கடைசில ஒரு நரிக்காக அவரு போய்க் கூண்டுல நிக்கணுமா? நான் தினம் கோர்ட்டுல நிக்கறவன்தானேம்மா. ஒரு நாள் அந்தப் பக்கம் நின்னுட்டுப் போறேன்."

அந்தக் கறுப்புக் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க அழுதேன். எனக்கு வேலை கிடைத்தது. அப்பா ஒரு குறையும் இல்லாமல் ரிட்டையர் ஆனார். அவர் போன பிறகும் அம்மா யார் கையையும் எதிர்பார்க்காமல் அந்தப் பென்ஷனில்தான் காலம் தள்ளினாள். செக்‌ஷன் சார், எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்த ஒவ்வொரு நாளிலும் உங்கள் பங்கு உண்டு. எங்கே இருந்தாலும் நல்லா இருங்க சார்.