ஆமென் சொன்னதும் பாயும் கை

கிறிஸ்துமஸ் விருந்தில் மட்டுமே முழு உருவம் எடுக்கிற ஜீவன் ஒன்று உண்டு. நன்றிக்கார அத்தான் என்று பெயர் வைத்திருக்கிறேன். எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் மேசையின் தலைப்பக்கம் இவர்தான் உட்கார்ந்திருக்கிறார். பாஷை மாறுகிறது, தொப்பை மாறுவதில்லை.

"ஜெபம் பண்ணுவோமா" என்பார். எல்லாரும் கண்ணை மூடுவோம். மழைக்கு நன்றி, வெயிலுக்கு நன்றி, பதவி உயர்வுக்கு, மூட்டுவலி குறைந்ததற்கு, கார் நிறுத்த வாசலிலேயே இடம் கிடைத்ததற்கு என்று அவர் பரலோகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்க, இங்கே கறியின் மேல் கொழுப்பு உறைந்து ஏடு கட்டிவிடும். "ஆறிடும், அத்தான்" என்று மச்சினி முனகினால், அவளுக்குப் பொறுமை தரும்படி ஒரு வரி சேர்த்துக்கொள்வார். விடியுமுன் எழுந்து அடுப்படியில் வெந்த மனைவிக்கு ஒரு வார்த்தை? அதற்கு ஏது நேரம்? ஒற்றைக் கண்ணைத் திறந்து, கோழிக்கால் தம் பக்கம் வரும்படி தட்டைத் திருப்ப வேண்டியிருக்கிறதே.

ஆமென். கை பாயும்.

மூன்றாம் முறையும் போட்டுக்கொள்வார். ஆண்டவர் கொடுத்ததை வேண்டாம் என்பது நன்றிகெட்டத்தனமாம். இது அவருடைய வேத விளக்கம். போன கிறிஸ்துமஸில் கடைசித் துண்டை அவர் கடிக்கத் தொடங்கும்போது மச்சினி சொன்னாள்:

"அக்கா காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை, அத்தான்."

"சமைச்ச வாசனையிலேயே அவளுக்கு வயிறு நிறைஞ்சிடும்மா."

"அவ சொன்னாளா?"

"கர்த்தர் அவளுக்குன்னு ஏதாவது வச்சிருப்பாரு."

"வச்சிருந்தாரு. அதைத்தான் இப்ப மென்னுக்கிட்டிருக்கீங்க."

மேசை முழுக்கச் சிரித்தது. அவரும் வாய் கொள்ளாமல் சிரித்தார். அடுப்படி வாசலில் நின்ற அக்கா, "எனக்குப் பசியே இல்லடி" என்றாள். பிறகு பாத்திரத்தில் அடிப்பிடித்ததைச் சுரண்டி, காய்ந்த ரொட்டியில் தடவி, நின்றபடியே விழுங்கினாள். கூடத்தில் ஏப்பத்தோடு இரண்டாம் ஜெபம் தொடங்கியிருந்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் நடந்த கடைசி விருந்தில் கறி எப்படி வெந்திருந்தது என்று உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். சமைத்தவர் என்ன சாப்பிட்டார்?

கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்கிறீர்களா? வேண்டாம், அத்தான். பதில் வந்துவிட்டது.