சவரியம்மா அத்தை பிடிபடாமல் போன விவரம்

சேசு மரி சூசை துணை

மாத்தளை,
4.3.1986

கூடலூரில் இருக்கும் மதிப்பிற்குரிய நோபர்ட் அத்தான் அவர்களுக்கு, உங்கள் மாமா மகள் மரிய கொறற்றி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் உங்கள் தாயார் சவரியம்மா அத்தையும் சுகம். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளை செல்வியும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். சுகம் என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. நேற்று ஸ்டோருக்குப் பொலிஸ் வந்தது. அத்தையை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை, ஆகையால் பதறாமல் உட்கார்ந்து வாசியுங்கள்.

பட்டம் வாங்கி இரண்டு வருடமாகியும் அரசாங்க வேலை வராமல், ஸெய்னுலாப்தீன் முதலாளியின் வாசனைச்சரக்கு ஸ்டோரில் நான் மூட்டைக்குத் துண்டு எழுதுவது உங்களுக்குத் தெரியும். அத்தையும் அங்கேதான் கராம்பு கிள்ளுகிறார்கள், மொட்டு ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம். எண்பத்துநாலில் நீங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது அத்தைக்குக் காய்ச்சல், அடுத்த கப்பலில் வருகிறேன் என்று நின்றார்கள், சண்டையினால் கப்பலையே நிறுத்திவிட்டார்கள். கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட், இங்கே இருப்பதற்கான விசா முடிந்து ஒரு வருடமாகிறது. செல்விக்குத் தைத்த பூப்போட்ட சட்டையோடு டிரங்குப் பெட்டி கட்டிலுக்கடியில் அப்படியே இருக்கிறது. கப்பல் விட்டுவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் உடனே புறப்பட வேண்டுமாம், அதற்காகப் பாஸ்போர்ட்டைத் துணிப்பையில் போட்டு வேலைக்கும் கொண்டுவருகிறார்கள்.

நேற்றுக் காலை பத்து மணியிருக்கும், சந்தியில் ஜீப் நிற்கிறது, விசா முடிந்த ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் இடமெல்லாம் செக் பண்ணுகிறார்கள் என்று பக்கத்துக் கடையிலிருந்து ஆள் வந்து சொன்னது. எண்பத்துமூன்று கலவரத்தில் எரிந்த பின்சுவர் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது அத்தான், ஜீப் என்றால் எங்களுக்கு முதலில் அந்தச் சுவர்தான் கண்ணில் படும். பதினொரு பொம்பளைகளில் அத்தையோடு சேர்த்து நாலு பேருக்கு விசா இல்லை. முதலாளி சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"யாரும் வேலை செய்யாதீங்க! வேலை செய்யிறதக் கண்ணால கண்டாத்தான் கேஸாம். கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க!"

"வேலை இல்லாம எதுக்கு உக்காந்திருக்கீங்கன்னு கேப்பானே?" என்றார்கள் அத்தை.

"சும்மா வந்திருக்கீங்க. என்னப் பாக்க."

"உங்களப் பாக்கவா? பதினொரு பேரா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு முடியுமுன்னே சப்பாத்துச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது.

ஏகநாயக்க சார்ஜன் என்று பெயராம். பெரிய ஆள், மீசைக்கு மேலே களைத்த கண். கூட ஒரு கொன்ஸ்டபிள். சார்ஜன் ஒரு சுற்றறிக்கையை விரித்துச் சிங்களத்தில் வாசித்தார். வேலை செய்யும் இடத்துக்குள் நுழையப் பொலிசுக்கு அதிகாரம் உண்டு, வேலை செய்வதைக் கண்டால் முதலாளி மேல் வழக்கு, ஆளைக் கொழும்பு முகாமில் அடைத்து, அங்கிருந்து அரசாங்கமே இந்தியாவுக்கு அனுப்பும். வாசித்து முடித்து, பேனா வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக என்னைப் பார்த்து, "நீ தமிழில் சொல்" என்றார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டாலே எழும்பாத பிள்ளை நான், ஒவ்வொரு வரியாகச் சொன்னேன், கடைசி வரியை மட்டும் சொல்லவில்லை. அனுப்பிவிடுவார்கள் என்று அத்தையின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல? அத்தை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அத்தைக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும், பொலிஸ்காரனோடு பேச மட்டும் தெரியாது என்று எண்பத்துமூன்றிலிருந்து ஒரு முடிவு.

"இந்த அம்மா இங்கே வேலை செய்கிறவரா?" என்றார் சார்ஜன்.

"கண்ணு நல்லாத்தான இருக்கு, பாத்துக்கிறச் சொல்லு. உக்காந்திருக்கேன். உக்காந்திருக்கிறதுக்கும் விசா வேணுமாமா?" என்றார்கள் அத்தை என்னிடம்.

"முதலாளியைப் பார்க்க வந்தாராம், சார்" என்று சொன்னேன்.

"நான் சொன்னது இம்புட்டு, நீ சொல்றது இத்துனூண்டு" என்று அத்தை முணுமுணுத்தார்கள். கொன்ஸ்டபிள் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டான். அவனுக்குத் தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பேப்பர் இருக்கா என்று சார்ஜன் கேட்டதும் மற்ற மூன்று பேரும் ரேஷன் கார்டு, அம்மை குத்திய துண்டு, புருஷனின் மரண அத்தாட்சி என்று ஏதேதோ நீட்டினார்கள். அத்தை மட்டும் பாஸ்போர்ட்டை ரெண்டு கையாலும் கொடுத்தார்கள், பூசையில் காணிக்கை கொடுக்கிற மாதிரி. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். சார்ஜன் விசாப் பக்கத்தைப் புரட்டி, தேதியைப் பார்த்து, "ம்" என்றார். இனி அத்தை வேலை செய்வதைக் காண்பது ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் நான் அத்தையின் கையைப் பார்த்துவிட்டேன். வாய் மரியாதையாக மூடியிருக்கு, முதுகு நேரா இருக்கு, கை மட்டும் அது பாட்டுக்கு முன்னால் இருந்த குவியலுக்குப் போயிருக்கு. ஒரு கொத்து எடுத்தாங்க. டக், டக். மொட்டு இந்தப் பக்கம், காம்பு அந்தப் பக்கம். கண்ணால ஜாடை காட்டுறேன், அவங்க என் கண்ணப் பாத்தாத்தானே!

"ஆ!" என்றார் சார்ஜன். "வேலை!"

முதலாளி சுவரில் சாய்ந்தார். அத்தை தன் கையைப் பார்த்தார்கள், அது வேறு யாருடையதோ போல. சார்ஜன் ஒரு ஸ்டூலை இழுத்துக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொப்பியை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார். முதலாளியின் பெயர், ஸ்டோரின் விலாசம், எத்தனை பேர், எந்தத் திகதியிலிருந்து. மூலையில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். நான் அழக்கூடாது என்று குனிந்து தரையைப் பார்த்தேன். அப்போதுதான் அத்தான், சார்ஜனின் இடது கை கண்ணில் பட்டது. வலது கை எழுதுது. இடது கை ஒரு கொத்தை எடுத்து மூக்கில வச்சுப் பாத்துச்சு. பிறகு கிள்ளுச்சு. டக். இன்னொண்ணு. டக். அவர் வீட்டுப் பக்கமும் கராம்பு மரம் இருக்கும் போல, எங்களைவிடச் சுத்தமாக் கிள்ளுறார், காம்புல ஒரு மொட்டு மிச்சமில்ல. மூன்றாவது பக்கம் எழுதும்போது சப்பாத்துக்குப் பக்கத்தில் ரெண்டு அழகான குட்டிக் குவியல்.

என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது. "சார்," என்றேன், "வேலை செய்கிறவர்களின் பெயரில் உங்கள் பெயரையும் எழுதணுமா?"

சார்ஜன் என்னைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். அவர் முகம் சிவந்ததும் கறுப்புச் சுவர்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இந்த நேரம் பார்த்து அத்தை, "நல்லாக் கிள்ளுறான். நாளைக்கும் வரச் சொல்லுங்க முதலாளி" என்றார்கள். நான் மொழிபெயர்க்கவில்லை. கொன்ஸ்டபிள் பொறுக்கமுடியாமல் வெடித்துச் சிரித்து, அதையும் சிங்களத்தில் சொல்லிவிட்டான். சார்ஜன் எழும்பினார். கொப்பியில் மூன்று பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். "அடுத்த தடவை எல்லோரும் கையை மடியில் வைத்திருங்கள்" என்றார். ஜீப்பில் ஏறும்போது விரலை மோந்து பார்த்ததை நான் கண்டேன்.

ஆகவே அத்தான், அத்தையைப் பற்றி நீங்கள் கொஞ்சமும் கவலைப்பட வேண்டாம். நானிருக்கும் வரைக்கும் அவர்களை யாரும் பிடிக்க முடியாது. அம்மா உங்களுக்கு ஆசீர்வாதம் சொல்கிறார்கள். அக்காவுக்கு என் அன்பு. செல்வியின் நெற்றியில் என் பெயரால் ஒரு சிலுவை போட்டுவிடவும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள
மரிய கொறற்றி

பி.கு.: புதன் மத்தியானம். கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. காலையில் எழும்பிப் பார்த்தால் டிரங்குப் பெட்டியையும் காணோம், அத்தையையும் காணோம். எட்டு மணிக்கு அந்தக் கொன்ஸ்டபிள் சைக்கிளில் வந்து, "சார்ஜன் சொல்றார், உங்க அத்தைய வந்து கூட்டிக்கிட்டுப் போங்க" என்றான். ஓடினேன். அத்தை பொலிஸ் ஸ்டேஷன் வாங்கில் பெட்டியோடு உட்கார்ந்து, சிங்களத்திலேயே, "என்னப் பிடி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தானாக வந்த ஆளைப் பிடிக்கத் தனக்கு அதிகாரமில்லை, வேலை செய்வதைக் கண்டால்தான் உண்டு என்று சார்ஜன் கெஞ்சுகிறார். அத்தை சும்மா இருக்கவில்லை, மடியில் சுளகு. பொலிஸ் சமையலுக்கு வந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். சட்டப்படி பார்த்தால் இப்போது அவர்களை வேலைக்கு வைத்திருப்பது பொலிஸ்தான், இதை நான் சொல்லாமலே சார்ஜனுக்கு விளங்கியது. அத்தை என்னைப் பார்த்து, "அரசாங்கமே அனுப்பும்னு வாசிச்சானே, அந்த வரிய நீ ஏண்டி சொல்லல? என் பேத்திக்கிட்ட போற வழிய அடச்சுப்புட்டு, காப்பாத்திட்டேன்னு கடுதாசியும் எழுதுறியாக்கும்" என்றார்கள். நான் அந்த வரியைத் தமிழில் முழுசாகச் சொன்னேன். சார்ஜன் கொப்பியை எடுத்தார். "பிடிக்கத்தான் அதிகாரமில்லை, அனுப்பிவைக்கச் சொல்லிக் கொழும்புக்குக் கடிதம் எழுத அதிகாரம் இருக்கிறது" என்று புதுப் பக்கம் புரட்டி, அத்தையின் முழுப் பெயரைக் கேட்டார்.

மேலே கவலைப்பட வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். செல்விக்கு இப்போது என்ன அளவுச் சட்டை என்று உடனே எழுதவும். பெட்டியில் இருப்பது இரண்டு வயதுக்குத் தைத்தது.