மூலையில் மங்கலாக நாலு வார்த்தை

ஸ்டிக்கரில் இருந்த எழுத்துகள் துணியோடு வந்துவிட்டன.

லிஃப்ட் மெக்கானிக் துணியைப் பார்த்தான். மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தான். அழுக்குதான் எழுத்தை மறைக்கிறது என்று நினைத்து, லிஃப்ட் கம்பியில் பிசுக்கு எடுக்கிற திரவத்தைத் தெளித்துத் துடைத்திருந்தான். பிசுக்கு போயிற்று. கூடவே லைசென்ஸ் கீயும் போயிற்று.

லேப்டாப் அவனுடையதல்ல, மனைவியுடையது. வழி தவறிய எறும்பு எப்படி வீடு திரும்புகிறது என்று கண்டுபிடிக்க, மூன்று வருஷம் எறும்புகளின் பின்னால் குனிந்தபடி நடந்தவள் அவள். அந்த ஆய்வேடு இதற்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை. “நகல் எடுத்து வையேன்” என்று அவன் சொன்னபோதெல்லாம், “முடியட்டும், எடுக்கறேன்” என்பாள். நேற்றுதான் முடிந்தது. நாளைக் காலையில் கொடுக்க வேண்டும்.

பேராசிரியையைப் பார்க்கக் கிளம்பும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“லேப்டாப்பைத் தொடாதீங்க.”

“நான் ஏன் தொடப்போறேன்?”

தொட்டிருக்க மாட்டான். திரையின் வலது மூலையில் மங்கலாக நாலு வார்த்தை தெரிந்ததுதான் வினை. லைசென்ஸ் கீ போட்டு ஆக்டிவேட் செய்யச் சொல்லி. அவள் ஒரு வருஷமாக அதோடு குடித்தனம் நடத்திவந்தாள். அவனால் முடியவில்லை. எச்சரிக்கை விளக்கு எரிகிற லிஃப்டை அப்படியே விட்டுவிட்டு வருகிற பழக்கம் அவனுக்கில்லை.

கூட வேலை செய்கிறவனைக் கூப்பிட்டான். பட்டறையில் அவனுக்கு மூளை என்று பெயர். வைத்துக்கொண்டது அவனேதான்.

“கீ இல்லையா? என் வீட்டு கம்ப்யூட்டர் கீயைத் தரேன், போடு மச்சான்.”

“அது உன்னோடதாச்சேடா. இதுல வேலை செய்யுமா?”

“பூட்டு ஒரே கம்பெனி பூட்டுதானே?”

நியாயமாகப் பட்டது. போட்டான். லேப்டாப் கொஞ்சம் யோசித்தது, அணைந்தது, தானே எழுந்தது. இப்போது மூலையில் ஒன்றும் இல்லை. திரை முழுவதும் நீலம். நடுவில் பெரிய எழுத்தில், கீயைக் கொடு என்றது. கீழே நீளமாக ஏதோ எண். ‘பிறகு பார்க்கலாம்’ என்கிற பொத்தானைக் காணோம். எறும்புகளையும் காணோம்.

“மூளை, எல்லாம் நீலமாயிடுச்சுடா.”

“அப்படியா? என்னோடதும் இப்பத்தான் நீலமாச்சு. ஏன்டா, நீ என்ன பண்ணே?”

போனை வைத்தான். உடனே மனைவி கூப்பிட்டாள்.

“மேடம் ஒரு வார்த்தை கூட மாத்த வேண்டாம்னுட்டாங்க! நேரா வீட்டுக்குத்தான் வரேன். லேப்டாப்பைத் தொடலையே?”

“சேச்சே.”

“ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“தண்ணி குடிச்சிட்டிருந்தேன்.”

கம்பெனியின் உதவி எண்ணை அழுத்தினான். எல்லோரும் வேலையாக இருக்கிறார்கள், போனை வைத்துவிட்டுக் காத்திருங்கள், நாங்களே இணைக்கிறோம் என்றது ஒரு பதிவுக் குரல். காத்திருந்தான். போன் அடித்தது. ‘காத்திருந்ததற்கு நன்றி, இணைக்கிறோம்’ என்றது அதே குரல். பிறகு ஒரு மனிதர் தொண்டையைச் செருமினார்.

“ஹலோ... வணக்கம் சார்.”

“சார், வணக்கம் சார்! கீ பிரச்சினை சார்.”

“ஆமா சார், கீதான் சார் பிரச்சினை.”

ஒரே வார்த்தையில் பிடித்துவிட்டார். மெக்கானிக்கின் கண் கலங்கியது.

“திரையில ஒரு நம்பர் வருது சார். சொல்லட்டுமா?”

“சொல்லுங்க, சொல்லுங்க. மெதுவா. எனக்கு ஒரு விரல்தான் டைப் அடிக்கும்.”

பெரிய கம்பெனியில் இப்படி எளிமையான மனிதர். ஒவ்வொரு எண்ணாகப் படித்தான்.

“தப்புங்குது சார்” என்றார் அவர்.

“ஐயோ. இப்ப என்ன பண்றது?”

“நான் ஒரு நம்பர் சொல்றேன், நீங்க போட்டுப் பாக்கறீங்களா?”

போட்டுப் பார்த்தான். சிவப்பாக வந்தது. இன்னொரு முறை போட்டான். மீண்டும் சிவப்பு. மூன்றாவது முறை, அதிக முறை முயன்றுவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, விசைப்பலகையில் அடிப்பதை ஏற்றுக்கொள்வதை லேப்டாப் நிறுத்திவிட்டது.

“பூட்டிக்கிச்சு சார்!”

“பூட்டிக்கிச்சா?” அவர் குரலும் பதறியது. “நல்லவேளை, நான் இன்னொரு தடவை போடலை.”

“சார், அணைச்சுப் போட்டா?”

“அணைச்சுப் போடலாம்கறீங்களா? நல்ல யோசனை சார்.”

இருவரும் அணைத்துப் போட்டார்கள். இவனுக்கு நீலம் அப்படியே நின்றது.

“சார், இருக்கீங்களா?”

“இருக்கேன். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கவான்னு கேக்குது சார். ஆமாவா, இல்லையா?”

மெக்கானிக் லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“உள்ள இருக்கறதெல்லாம் போயிடுமா சார்? மூணு வருஷ உழைப்பு சார்!”

“எனக்கும் அதே கவலைதான் சார். ஆனா இவ்வளவு பெரிய கம்பெனி. எங்கேயாவது பத்திரமா எடுத்து வெச்சிருக்க மாட்டாங்களா?”

“வெச்சிருப்பாங்களா சார்?”

“நீங்க சொன்னா சரிதான்.”

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தான். வேறு யாரோ. ஆனால் அடுத்தது அவளாகத்தான் இருக்கும்.

“உங்களுக்குத் தெரியாததா சார்? அழுத்துங்க.”

“உங்க பொறுப்பு சார்.”

“ஐயையோ, உங்க பொறுப்பு!”

“சரி, ஆளுக்குப் பாதின்னு வெச்சுக்குவோம்” என்றார் அவர். ஒரு பொத்தான் சத்தம் கேட்டது.

மெக்கானிக் திரையையே பார்த்தான். நீலம். அசையவில்லை.

“ஒண்ணும் ஆகலையே சார்?”

“இங்க நல்லா ஓடிட்டிருக்கு. பாதிக்கு மேல வந்தாச்சு.”

கதவு திறந்தது. மனைவி ஒரு கையில் பை, மறு கையில் ஸ்வீட் பொட்டலத்தோடு நின்றாள். நீலத் திரையைப் பார்த்தாள். பிசுக்கு எடுக்கிற திரவத்தைப் பார்த்தாள். அவனைக் கடைசியாகப் பார்த்தாள்.

“யார்கிட்ட பேசறீங்க?”

“கம்பெனிக்காரர். ரொம்ப நல்லவர். எல்லாத்தையும் அழிச்சிட்டிருக்கார்.”

பொட்டலம் கீழே விழுந்தது. அவள் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அதை உடனே நிறுத்துங்க!”

“முடிஞ்சிருச்சும்மா” என்றார் அவர் சன்னமாக. “சுத்தமா முடிஞ்சிருச்சு. காலியா இருக்கு.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உதடு மட்டும் அசைந்தது. எறும்பு என்று சொல்வது போலிருந்தது.

மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது. போனை நோக்கிக் குனிந்தான்.

“யோவ், உனக்கு மேல யாருய்யா இருக்காங்க? அவங்ககிட்ட குடு போனை!”

“எனக்கு மேலயா?” அவர் தயங்கினார். “இருக்காங்க சார். பின்னாலதான் நிக்கறாங்க. இருங்க.”

போன் கை மாறுகிற சத்தம். ஒரு பெண்குரல் கணீரென்று வந்தது.

“கம்பெனிக்காரங்களா? நீங்க அழுத்தச் சொன்னீங்கன்னு எங்க வீட்டுக்காரர் அவரோட கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சிருந்த கவிதை அத்தனையையும் அழிச்சுட்டாருங்க... உங்க கம்பெனி நல்லா இருக்கணும்!”