சுதா ‘சரிங்க’ என்றாள்

பைபாஸ் ஓரத்தில் வெல்டிங் பட்டறை வைத்து கிரில் கேட் செய்யும் வளவன், வியாழக்கிழமை சாயங்காலம் இட்லியைப் பிட்டுக்கொண்டே அந்த அறிவிப்பை வெளியிட்டான்.

“ஞாயித்துக்கெழம பட்டற லீவு. மெட்ராஸ் ரோட்டுல கீதே, அந்த பெரிய பார்க்கு, அங்க போறோம். நானும் பாப்பாவும் தலைகீழ் ரயில்ல ஏறப் போறோம்.”

ரெண்டாங்கிளாஸ் படிக்கும் கவிப்பிரியா இட்லித் தட்டோடு எழுந்து ஆட ஆரம்பித்தாள். வளவன் அவளைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வசனம் அவளுடையது.

சுதா திராட்சையை ரெண்டாக நறுக்கித்தான் பிள்ளைக்குக் கொடுப்பாள். பால் ஆறியதா என்று புறங்கையில் விட்டுப் பார்ப்பதை, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அந்த வீட்டில் பயப்படுவது, பாத்திரம் துலக்குவது மாதிரி ஒரு வேலை. அதையும் அவள்தான் செய்தாள். வளவனுக்குப் பயம் இல்லை என்று அர்த்தமில்லை. தன் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் கை கழுவப் போய்விடுவான், அவ்வளவுதான். குளத்தில் இறங்கணும் என்று பிள்ளை கேட்டால், “எனக்கு ஓகே பாப்பா, உங்கம்மாதான் பயப்படுறா” என்பான். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் திருத்தணி மலை ஏறணும் என்றாலும் அதே பதில். பிள்ளைக்கு நைனா சூரன், அம்மா பயந்தாங்கொள்ளி.

ஆக, திட்டம் சுலபமானது. இவன் கூப்பிடுவான். அவள் வேண்டாம் என்பாள். இவன் ஒரு பெருமூச்சு விடுவான். சூரன் பட்டம் துரு ஏறாமல் இருக்கும்.

சுதா அவன் தட்டில் சட்னி ஊற்றினாள்.

“சரிங்க,” என்றாள். “போலாம்.”

வளவன் பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டான்.

“இன்னா சொன்ன?”

“போலாம்னேங்க.”

“தலைகீழா போற ரயிலு, சுதா.”

“ஆங். காதுல வுழுந்துச்சி.”

“தல கீழ. காலு மேல.”

“தலைகீழ்னா அப்படித்தானுங்களே இருக்கும்.”

அன்றைக்குப் பிடித்தது சந்தேகம்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சின்ன வயசில் அந்த ரயிலையே ஒரு கை பார்த்ததாக வளவன் பிள்ளையிடம் அடித்துவிட்டதெல்லாம் பொய்யில்லை. அஞ்சாங்கிளாஸில் பள்ளிக்கூடத்து டூரில் போனவன், அதே ரயிலில் ஏறி, இறங்கி, மறுபடி வரிசையில் நின்று, மறுபடி ஏறி, கடைசியில் அவனை வாத்தியார் காதைத் திருகிப் பஸ்ஸில் போட வேண்டியிருந்தது. அந்தப் பையனுக்கு ரயில் மேலே போனால் வானம் தெரிந்தது. அப்புறம் பையன் வளர்ந்து வெல்டிங் கற்றுக்கொண்டான். ரெண்டு இரும்பை ஒட்டிப் பிழைக்கிறவனுக்கு, ஒட்டினது விட்டுப்போகும் என்பதும் தெரியும். இப்போது ஒரு ராட்டினத்தைப் பார்த்தால் அவனுக்கு வானம் தெரிவதில்லை. போல்ட்டுதான் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை பட்டறையிலிருந்து திரும்பும்போது, கவியை பீரோவோடு ஒட்டி நிற்கவைத்து சுதா அளந்துகொண்டிருந்தாள். அதுவும் அவனுடைய டேப்பில்.

“இன்னாத்துக்கு அளக்குற?”

“கவுன் தைக்கங்க.”

“கவுனுக்கு உச்சந்தலை வரைக்கும் எதுக்கு அளவு?”

“குல்லா வெச்ச கவுனு.”

கொஞ்ச நேரம் கழித்து சமையல்கட்டிலிருந்து தாழ்ந்த குரலில் பேச்சு. இவன் எட்டிப் பார்த்ததும் போன் அணைந்தது.

“யாரு?”

“ராங் நம்பருங்க.”

“ராங் நம்பருக்கு எதுக்கு ‘ரொம்ப தேங்க்ஸ் சார்’னு சொன்ன?”

“தப்பா போட்டது நாமதானுங்க. ஒரு மரியாதை வேணாமா?”

வளவன் நேராகப் போய் பீரோவைத் திறந்து, இன்சூரன்ஸ் பத்திரம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. அதற்கு அவன் சந்தோஷப்பட வேண்டுமா பயப்பட வேண்டுமா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

சனிக்கிழமை அவன் தன் தொழிலையே கையில் எடுத்தான். பற்ற வைப்பதுதானே தொழில். சுதா மனசில் ஒரு சின்னப் பொறி விழுந்தால் போதும், மிச்சத்தை அவளே ஊதிப் பெரிசாக்கிக்கொள்வாள்.

“சுதா, இந்த மாதிரி ரயிலுக்கெல்லாம் போல்ட்ட மாசாமாசம் முடுக்கணும். எவன் முடுக்கறான்?”

“அதான் நீங்க கூட வர்றீங்களே. ஒரு ஸ்பானர் எடுத்துக்குங்க.”

“நடுவுல கரண்டு போயி அப்படியே நின்னுகினா?”

“மேல காத்து நல்லா வரும்.”

“பாப்பாவுக்கு வாந்தி வந்துச்சின்னா?”

“எலுமிச்சம்பழம் வெச்சிருக்கேன். உங்களுக்கும் சேத்து ரெண்டா வெச்சிருக்கேன்.”

வெல்டிங் ராடு ஈரமாக இருந்தால் எத்தனை தட்டினாலும் பொறி பறக்காது. வளவன் ராத்திரி முழுக்கப் புரண்டான். பக்கத்தில் சுதா, கல்யாணமான நாளிலிருந்து தூங்காத தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க் வாசலிலேயே அவன் சந்தேகங்கள் டிக்கெட் இல்லாமல் உள்ளே நுழைந்துவிட்டன. அஞ்சாங்கிளாஸில் இந்த வளைவு அரண்மனைக் கதவாக இருந்தது. இப்போது பார்த்தால் பதினாறு கேஜ் மெல்லிசுத் தகடு, உள்ளே வெறும் பொந்து. அப்போது பெயின்ட்டைப் பார்த்து வாயைப் பிளந்தான். இப்போது பெயின்ட்டுக்கு அடியில் எவன் எதை மறைத்திருக்கிறான் என்று பார்த்தான். ஒரு தூணை விரல் கணுவால் தட்டிப் பார்த்தான்.

“சார், கை வைக்காதீங்க,” என்றான் செக்யூரிட்டி.

“வெச்சா இன்னா ஆவும்? வுழுந்துடுமா?”

“பெயின்ட்டு ஈரங்க.”

வளவன் நீலமான விரல்களை பேண்ட்டில் துடைத்துக்கொண்டே தலைகீழ் ரயிலுக்கு வந்து சேர்ந்தான். ஏறுகிற இடத்தில் தகரத்தில் வெட்டிய ஒரு ஒட்டகச்சிவிங்கி, ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கையில் தலை தட்டினால்தான் உள்ளே விடுவார்கள். கவி போய் நின்றாள். எக்கினாள். தலைக்கும் கைக்கும் நடுவில் ஒரு தேங்காய் போகும் இடம் இருந்தது.

“பாப்பாவ ஏத்த முடியாதும்மா,” என்றான் அங்கிருந்த ஆள். “வளந்துட்டு வாங்க.”

முருகன் இருக்கிறான் என்று வளவனுக்கு அந்த நொடியில் நிச்சயமானது. முகத்தை மட்டும் சோகமாக்கிக்கொண்டு குனிந்தான்.

“போவுது வுடு பாப்பா. நீ இல்லாம நைனா மட்டும் எப்படி...”

“நீ போ நைனா. நான் கீழ நின்னு பாக்கறேன்.”

“ஆமாங்க,” என்றாள் சுதா. “நான் பாப்பாவப் பாத்துக்கறேன். வீடியோ எடுக்கறேன். ஆச ஆசயா வந்தீங்க.”

வளவன் மெதுவாக நிமிர்ந்தான். டேப். உச்சந்தலை. தேங்க்ஸ் சார்.

“உனக்கு இது மொதல்லயே தெரியும்.”

“எதுங்க?”

“அளவு.”

“கவுனுக்குங்க அது.”

வேண்டாம் என்று சொல்ல ஞாயிறு காலை வரைக்கும் நேரம் இருந்ததால், அவள் முதலில் பார்க்குக்கே போன் போட்டு விசாரித்திருக்கிறாள். பிள்ளைக்காகப் பட வேண்டிய பயத்தை வெள்ளிக்கிழமையே பட்டு முடித்துவிட்டாள். மிச்சமிருந்த பயம் மொத்தமும் இப்போது அவனுடையது. கவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனான்.

அவனுக்குப் பின்னால் இருந்த சீட்டெல்லாம் மொட்டைகள். பள்ளிப்பட்டிலிருந்து வேன் பிடித்து வந்த தறிக்காரக் குடும்பம். காலையில் மலையில் முடி இறக்கிவிட்டு, தலையில் சந்தனம் காய்வதற்குள் இங்கே வந்திருந்தார்கள். ரயில் கடகடவென்று மேலே ஏறியது. ஏற ஏற, ஒவ்வொரு போல்ட்டும் நின்று நிதானமாக அவனுக்குத் தரிசனம் கொடுத்தது. உச்சிக்குப் போனதும் ரயில் ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா நின்றது. பக்கத்துத் தூணில் ஒரு நட்டு, பாதி மரை வெளியே தெரிய, அவனைப் பார்த்துச் சிரித்தது.

“முருகா,” என்றான் வளவன். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வந்துவிட்டது.

பின்னாலிருந்து அத்தனை மொட்டையும் ஒரே குரலில் பதில் கொடுத்தது: “அரோகரா.”

“ஐயோ முருகா.”

“அரோகரா.”

“நிறுத்தச் சொல்லுங்கடா முருகா.”

“அரோகரா.”

ரயில் விழுந்தது, புரண்டது, தலையைக் கீழே போட்டது. அவன் அலறியதெல்லாம் முருகனில் ஆரம்பித்தது. அவர்கள் கத்தியதெல்லாம் அரோகராவில் முடிந்தது. கீழே வரிசையில் நின்ற ஜனமும் சேர்ந்துகொண்டது. திருத்தணிப் படிக்கட்டில் பிறந்து வளர்ந்த வாய்களுக்கு ஒரு முருகா கேட்டுவிட்டால் சும்மா இருக்க வராது.

இறங்கினவன் கைப்பிடிக் கம்பியை விடாமல் வெளியே வந்தான். ஒரு மொட்டை ஓடிவந்து கையைக் குலுக்கினான். “அண்ணா, இன்னா குரலுங்க. நீங்க இல்லாங்காட்டி நாங்க பயந்து செத்திருப்போம்.”

கவி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “நைனா, நீதான் எல்லாரையும் கத்த வெச்சியா?”

“ஆங்,” என்றான் வளவன். அதற்கு மேல் வாயைத் திறந்தால் இட்லி வரும் போலிருந்தது.

“இன்னொரு வாட்டி போ நைனா.”

“வீடியோ முழுக்க என் விரலுதாங்க தெரியுது,” என்றாள் சுதா. “டிக்கெட்டு சாயந்தரம் வரைக்குமாம். எத்தினி வாட்டி வேணும்னாலும் ஏறிக்கலாமாம்.”

வளவன் அவள் முழங்கையைப் பிடித்து ஜூஸ் கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

“நீ வேணாம்னு சொல்லு.”

“நான் எதுக்குங்க?”

“எப்பவும் சொல்லுவியே. பயமா கீதுன்னு சொல்லேன்.”

“எனக்குப் பயமா இல்லீங்களே.”

அவன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். “எனக்குக் கீது.”

“கேக்கலீங்க.”

“எனக்குப் பயமா கீது, சுதா.”

சுதா அவன் முகத்தை நல்லாப் பார்த்தாள். முந்தானையால் அவன் நெற்றி வேர்வையை ஒற்றினாள்.

“எல்லாருக்கும் இருக்கறதுதாங்க. எனக்கு இல்லாத நாளா? ஆனா எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? பாப்பாதானே கேக்குறா. அவகிட்ட சொல்லுங்க. இதே மாதிரி, அவளுக்குக் கேக்கற மாதிரி.”

வளவன் திரும்பினான். கவி, நைனாவுக்குக் கைகாட்டிக்கொண்டு நின்றாள், பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பிள்ளையிடம் ‘எங்க நைனா, எங்க நைனா’ என்று சொல்லிக்கொண்டு. அவளிடம் போக ஒரு அடி எடுத்துவைத்தான். வரிசையைத் திரும்பிப் பார்த்தான்.

வரிசை, நல்லவேளை, ஜூஸ் கடையையும் தாண்டி வளைந்து வளைந்து போயிருந்தது. அது நகர்ந்து முடிவதற்குள் சாயங்காலமாகிவிடும், டிக்கெட்டும் தீர்ந்துவிடும். இந்தக் கணக்கு வந்ததும் வளவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். “இன்னா பாப்பா, ஒரு வாட்டி இன்னா, பத்து வாட்டி போறேன்,” என்று உரக்கச் சொல்லிவிட்டு, வீரமாகப் போய் வரிசையின் கடைசியில் நின்றான்.

“டேய், அண்ணன் வந்துட்டாரு, வழி வுடுங்கடா,” என்று முன்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பள்ளிப்பட்டு மொட்டைகள் அவனைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய் முதல் சீட்டில் உட்கார வைத்தார்கள்.