ஐயையோ அண்ணாச்சியும் இலவசப் பங்கும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் யாருக்கு என்ன பயம் வர வேண்டியிருந்தாலும், அது முதலில் எங்கள் ஐயையோ அண்ணாச்சியிடம் ஆஜராகிவிட்டுத்தான் மற்றவர்களிடம் போகும். எங்கள் நூற்பாலையில் அவர்தான் தலைமைக் கணக்கர். நான் அடுத்த மேசை. 'ஐயையோ' போடாமல் ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்க மாட்டார். "ஐயையோ, சாப்பிட்டியாம்மா?" என்றுதான் கேட்பார்.

மேகம் கூடினாலே ஊர் வெளியே வந்து அண்ணாந்து பார்க்கும் எங்கள் கரிசல் காட்டில், வருஷம் முழுக்கக் குடையோடு திரிந்த ஒரே ஆள். வீரசோழன் பஸ்ஸில் ஏறினால், "தம்பி, ராத்திரி நல்லாத் தூங்குனீகளா?" என்று டிரைவரை விசாரித்த பிறகுதான் உட்காருவார். முதலாளி கொஞ்ச நாள் திட்டாமல் இருந்தால், "என்னமோ நடக்கப் போகுது" என்று அதற்கும் கலங்குவார்.

நடந்தது. அந்த வருஷம் மில்லில் நல்ல லாபம். ஆனால் காசெல்லாம் புது மிஷின்களுக்குப் போய்விட்டது. பங்குதாரர்களுக்கு டிவிடெண்டு கொடுக்கக் கையில் ரொக்கம் இல்லை. "ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு சும்மா குடுத்துருவோம்" என்று முதலாளி முடிவெடுத்தார். அண்ணாச்சி கம்ப்யூட்டரில் அதைப் பதிந்துவிட்டு லாப நட்டக் கணக்கைத் திறந்தார்.

"ஐயையோ! மில்லு நட்டத்துல போயிருச்சும்மா!"

கொடுத்தது செலவுதானே என்று, புதுப் பங்குகளின் மதிப்பு மொத்தத்தையும் செலவில் எழுதியிருந்தார். மதியம் பேங்க் மேனேஜர் வருகிறார். இதைப் பார்த்தால், மிஷினுக்காகப் பேங்க் இன்னும் தர வேண்டியிருந்த லோனின் மிச்சம் வராது. நான் வாயைத் திறப்பதற்குள் ராஜினாமாக் கடிதம் எழுதி, சாப்பாட்டுத் தூக்கோடு முதலாளி அறைக்குள் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

"முதலாளி, மில்லு போச்சு. காரணம் நாந்தான். வேற யாரையும் வையாதீக."

முதலாளி ஆடிட்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைக் கேட்ட ஆடிட்டர் சிரித்தேவிட்டார்.

"அண்ணாச்சி, இதுல மில்லை விட்டு என்ன வெளிய போச்சு?"

"ஐயையோ, ஒண்ணும் போகலையே!"

"அப்புறம் எப்படிச் செலவாகும்? முன்னாடி சேத்து வச்ச லாபத்துல அந்தத் தொகையைக் கழிச்சு, பங்கு மூலதனத்துல கூட்டுங்க. இந்த வருஷ லாபத்தைத் தொடவே வேணாம். ரெண்டையும் சேத்தா மொத்தம் பழையபடிதான்."

மாற்றி எழுதினோம். போன லாபம் திரும்ப வந்து உட்கார்ந்தது. அண்ணாச்சி ராஜினாமாக் கடிதத்தைக் கிழிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கெடக்கட்டும்மா, எப்பவாச்சும் வேணும்." மேனேஜர் வந்தார், பார்த்தார், காப்பி குடித்தார். லோனும் வந்தது.

அடுத்து பங்குதாரர் கூட்டம். "காசு எங்க? காயிதத்தைக் குடுத்து ஏமாத்துறீகளா?" என்று ஒரே கூச்சல். நாலு பேர் முன்னால் தன் பெயரைச் சொல்லவே நடுங்கும் அண்ணாச்சி, திடீரென்று எழுந்தார்.

"ஐயையோ, எல்லாரும் உக்காருங்க! இந்தப் பயம் பூராத்தையும் நான் பட்டு முடிச்சிட்டேன். நீங்களும் படாதீக!"

கூட்டம் அடங்கியது. பரளச்சியிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா மட்டும் விடவில்லை. "பங்கு ரெட்டிப்புன்னா, மில்லுல என் பாகமும் ரெட்டிப்பா?"

"இல்லக்கா. எல்லாருக்குந்தான ரெட்டிப்பு? உங்க பாகம் அதேதான். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. உங்க காசு மிஷினா நிக்குது. போய்த் தொட்டுப் பாருங்க. ஐயையோ, ஓடும்போது தொட்டுறாதீக!"

அக்காதான் முதலில் சிரித்தது. அப்புறம் மொத்தக் கூட்டமும்.

எல்லாரும் கலைந்த பிறகு அண்ணாச்சி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஐயையோ, நல்லாப் பேசுனேனாம்மா?"

"நல்லாப் பேசுனீக அண்ணாச்சி."

அவர் கை நடுக்கத்தில் பாதி டீ என் சேலையில் கொட்டியது. அந்தக் கறை இன்னும் போகவில்லை. நானும் ரொம்பத் தேய்க்கவில்லை.