நின்றது படம் அல்ல, நான்

வெளிநாட்டில் நாடகப் படம் போடும் அமைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். உங்கள் நலத்தை விசாரிப்பது கடிதத்தின் முறை என்பதால் விசாரித்துக்கொள்கிறேன். என் மகளைக் கல்யாணம் செய்துகொண்டவர் என்பதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு நான் வரவில்லை, நான்கு வருடமாக அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை, இப்போதும் பேசப்போவதில்லை. எங்கள் குழுவின் நாடகத்தைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லி, போன ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு பள்ளிக்கூட ஹாலில் இருநூறு பேர் முன்னால் போட்டு, என் மானத்தை வாங்கியவர் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

ரயில் நிலையத்தில் முப்பது வருடம் அறிவிப்புச் செய்த தொண்டை என்னுடையது. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். அப்படிப்பட்டவன் சட்டைக்குள் படம்பிடிக்க வந்தவர் ஒரு மைக்கைச் சொருகினார். எதற்கப்பா என்றால், "இருக்கட்டும் சார், வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கும் கேக்கணும்ல" என்றார். கேட்டது. கதையில் மகளை நான் வீட்டைவிட்டு விரட்டுகிற இடத்தில் உங்கள் ஹாலில் ஐந்து குழந்தைகள் வீறிட்டு அழுததாகவும், ஒரு பெரியவர் காதுக்கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டதாகவும் கேள்வி. அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை.

கடைசிக் காட்சியை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்? விரட்டப்பட்ட மகள் திரும்பி வந்து, கதறிக் கதவைத் தட்டி ஓய்கிறாள். உள்ளே அப்பன் கதவைப் பார்த்தபடி நிற்கிறான். அசையவில்லை, பேசவில்லை, இமைகூட ஆடவில்லை. அதுதான் ஐயா நடிப்பு! முப்பது வருடம் பழகி வந்தது! அப்புறம்தான் கதவைத் திறந்து அவளை உள்ளே கூப்பிடுவான், நாடகமே அதற்காகத்தான். இங்கே அந்த இடத்தில் சபையில் ஒருவர் இருமமாட்டார். அங்கே நீங்கள் "ஐயோ, படம் ஸ்டக் ஆயிடுச்சு" என்று எழுந்து ஓடினீர்களாம்! எல்லாம் நீங்களே என் மனைவிக்குப் போனில் சொன்னது. ஒயரைப் பிடுங்கிச் சொருகினீர்கள். என் மூக்கின்மேல் அம்புக்குறியை மேலும் கீழும் ஓட்டினீர்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து விட்டால், மறுபடியும் நான் நிற்கிறேன். நிற்கத்தானே செய்வேன்! பின்வரிசையிலிருந்து ஒருவர் "வைரஸா இருக்கும்ப்பா" என்று குரல் கொடுத்தாராம். நானா வைரஸ்? ஹால் காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து நின்றதும், கோளாறுக்கு வருந்துகிறோம் என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். முன்னாலேயே ஒரு தடவை கடைசிவரை போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா, மாப்பிள்ளை? (கை தவறி எழுதிவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவைக்கிறேன்.)

நேற்று அங்கிருந்து ஒரு அம்மா போன் செய்தார். குழுவின் நம்பர் என்று படத்தின் தொடக்கத்தில் என் நம்பரைத்தான் போட்டிருக்கிறார்கள். எடுத்ததுமே, "பெத்த பொண்ணு வாசல்ல நின்னு கதறுது, மரம் மாதிரி நிக்கிறீங்களே, நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்றார்.

"அம்மா, அது நாடகம்மா."

"நாடகமா இருந்தா என்ன, பொண்ணு பொண்ணுதானே?"

வைத்துவிட்டார். அந்த நாடகப் பெண் பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் வேலை பார்க்கிறாள், அவளுடைய சொந்த அப்பா சௌக்கியமாக இருக்கிறார், நடிப்பு முடிந்து அவளை ஸ்கூட்டரில் கூட்டிப்போனதே அவர்தான் என்று சொல்ல எனக்கு வாய்ப்பே தரவில்லை.

ஊரார் திட்டட்டும், எனக்கென்ன. ஆனால் அன்று உங்கள் ஹாலில் மூன்றாவது வரிசையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். இந்த வாசப்படி ஏறாதே என்று நான் சொன்ன நாளிலிருந்து என் குரலைப் போனில்கூடக் கேட்க மறுத்தவள், நீங்கள் கெஞ்சியதற்காக வந்திருந்தாள். வெளியே போனதும் அம்மாவைக் கூப்பிட்டு, "அப்பா மேடையிலகூடக் கதவத் திறக்கலயேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். என் மனைவி இதைச் சொல்லும்போது நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். பாதியிலேயே கை கழுவிவிட்டேன். இப்போது தெரிகிறதா என் வயிற்றெரிச்சல்? திறந்தேன் ஐயா! நாற்பத்தேழு மேடையிலும் திறந்தேன்! அவள் பார்க்கிற அன்றைக்கு மட்டும் நீங்கள் ஒயரைப் பிடுங்கியிருக்கிறீர்கள்!

ஆகவே, இனி எங்கள் நாடகத்தை நீங்கள் தொடவே கூடாது. பதிவை அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நான் இப்படிப் புலம்பியது அவளுக்குத் தெரியவும் கூடாது.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். திட்டுகிற கடிதமானாலும் வாழ்த்தி முடிக்காவிட்டால் என் மனைவி தபால்தலை ஒட்ட மாட்டாள்.

மாறாத கோபத்துடன்,
அப்பா வேஷம் போட்டவன்

பின்குறிப்பு: கடிதத்தைப் படித்த என் மனைவி, "உள்ளதையும் எழுதுங்க" என்கிறாள். எழுதுகிறேன். அந்த இடத்தில் நான் வழக்கமாக நிற்பது பத்து எண்ணும் நேரம்தான். படம்பிடித்த அன்று இரண்டு நிமிடம் நின்றுவிட்டேன். அது நடிப்பு இல்லை. இதை அவள் பார்ப்பாள் என்று நினைத்தேன், வசனம் வரவில்லை. யாராக இருந்தாலும் படம் நின்றுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். உங்கள்மேல் தப்பே இல்லை, மாப்பிள்ளை. பதிவை அழித்துவிடாதீர்கள். அவளை வீட்டில் உட்காரவைத்து அந்த இடத்தை மட்டும் போடுங்கள். ரொம்ப நேரம் நிற்பேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கதவைத் திறந்ததும் நான் கூப்பிடுவது அந்தப் பல் ஆஸ்பத்திரிப் பெண்ணை இல்லை. என் மகளை வீட்டில் கூப்பிடுகிற பெயர்தான் வாயில் வந்தது.