பட்டன் சாரின் ஊசி

ஸ்ரீரங்கத்தில் என் மகன் படித்த பள்ளிக்கூடம் முழுவதையும் ஒற்றை ஊசியால் நடுங்க வைத்தவர் எங்கள் பட்டன் சார். மற்ற பி.டி. மாஸ்டர்கள் பிரம்பு வைத்திருப்பார்கள். இவர் சட்டைப் பையில் ஊசியும் நூல்கண்டும் வைத்திருப்பார்.

மைதானத்தில் பையன்கள் கட்டிப் புரண்டால் அவர் திட்ட மாட்டார். பட்டன் தெறித்தவன் சட்டையைக் கழற்றாமல் நிற்க வேண்டும். பிய்த்தவன் அப்படியே வைத்துத் தைக்க வேண்டும். ஒருவன் மூச்சு மற்றவன் முகத்தில் படும். ஐந்து நிமிடத்துக்கு முன் கொன்றுவிடுவேன் என்று கத்தியவன், “ஆடாதடா, குத்திரும்” என்று கெஞ்சிக்கொண்டிருப்பான்.

“பொண்ணுங்ககிட்ட குடுங்க சார், அழகா தைப்பாங்க” என்றான் ஒருவன்.

“அவங்களாடா கிழிச்சாங்க?” என்றார் சார். பெண்கள் அப்போது கால்பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆண்பிள்ளை கையில் ஊசியா என்று கேட்க நாங்கள் நாலு அப்பாக்கள் திரண்டு போனோம். எங்களில் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர்தான் குரலை உயர்த்தினார். அவருடைய பேண்ட்டைத் தைத்த டெய்லர் ஆணா பெண்ணா என்று மட்டும் சார் விசாரித்தார். நாங்கள் அவரவர் பேண்ட்டைக் குனிந்து பார்த்தபடி திரும்பினோம்.

போன வருடம், பத்தாவது படித்த என் மகன் ஓட்டப்பந்தயத்தில் ஒரு பெண்ணிடம் தோற்றான். “நீயெல்லாம் ஆம்பளையாடா?” என்றான் கூடப் படிக்கும் பையன். என் மகன் அடித்த அடியில் அந்தப் பையனின் புருவம் கிழிந்தது. புத்தூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர், இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார்.

ஏன் அடித்தாய் என்று சார் கேட்டதற்கு மகன் சொன்னானாம்: “அடி வாங்கிட்டு வந்தா வீட்டுக்குள்ள வராதன்னு அப்பா சொல்லியிருக்காரு சார்.”

சொல்லியிருக்கிறேன். அவன் நாலாவது படிக்கும்போது.

அன்று மாலை சார் என்னை விளையாட்டுச் சாமான் அறைக்கு வரச் சொன்னார். இரண்டு பட்டன் போன சட்டையோடு மகன் சுவரைப் பார்த்து நின்றிருந்தான். அந்தப் பையனோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அப்படித்தான் நிற்கிறானாம்.

“இவன் சட்டையக் கிழிச்சது யாரு சார்?” என்று என்னைக் கேட்டார்.

அந்தப் பையனின் பெயரைச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. ஊசியை என்னிடம் நீட்டினார்.

“நீங்க தைங்க.”

அவ்வளவு நெருக்கத்தில் அவனோடு நின்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டிருந்தது. மேல் உதட்டில் மீசை அரும்பியிருந்ததையே அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இரண்டாவது பட்டனில் ஊசி என் விரலில் ஏறியது.

“வலிக்குதாப்பா?” என்றான் மகன்.

“இல்லடா” என்றேன், பழக்கத்தில்.

“வலிக்குதுன்னு சொல்லுங்க சார்” என்றார் பட்டன் சார். “வேற யாரப் பாத்து அவன் கத்துக்குவான்?”

“வலிக்குதுடா” என்றேன்.

மகன் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உடைந்து அழுதான். “அவன் கண்ணு போயிருந்தா நான் என்னப்பா பண்ணியிருப்பேன்?” நானும் அழுதேன்.

சார் சத்தமில்லாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். மட்டைகளைத் திருப்பி வைக்க வந்த பிள்ளைகளிடம், உள்ளே பாம்பு இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.